ஸ்கேட் பார்க் கேட்கப் போகும் முன்

நீங்கள் கேட்டதை என் வார்த்தையில் ஒருமுறை சொல்லிப் பார்க்கிறேன். டர்பனுக்குத் தெற்கே, கரும்புக் காட்டுக்கு நடுவில் உங்கள் ஊர். 13 வயது மகனும் அவன் கூட்டாளிகளும் சூப்பர்மார்க்கெட்டின் கார் நிறுத்தத்தில் ஸ்கேட்போர்டும் பிஎம்எக்ஸ் சைக்கிளும் ஓட்டுகிறார்கள். காவலாளி விரட்டுகிறார், அரை மணி நேரத்தில் மறுபடி வந்துவிடுகிறார்கள். கோயில் தமிழ் வகுப்பு, காவடி, ஆடிக் கூழ் என்று ஒரு இடம் விடாமல் அலைந்து, போர்டும் சைக்கிளும் ஓட்டச் சாய்தளங்களோடு ஒரு திடல், அதாவது ஸ்கேட் பார்க், வேண்டும் என்று 600 கையெழுத்து வாங்கிக் கவுன்சிலரிடம் கொடுத்தீர்கள். "குழாயில் தண்ணீரே ஒழுங்காக வரவில்லை, இதற்கு நான் எங்கே போவேன்" என்று அவர் தாள்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். ஊரை எப்படிச் சம்மதிக்க வைப்பது என்று கேட்கிறீர்கள். 600 பேர் கையெழுத்துப் போட்ட பிறகு ஊர் எதிர்க்கிறது என்று நான் நினைக்கவில்லை. இதற்கான பணம் எந்தப் பையில் இருக்கிறது, அந்தப் பை எந்த மாதம் திறக்கும், கட்டிய பிறகு பார்த்துக்கொள்ளப் போவது யார்: உங்களுக்குப் பதில் தேவைப்படுவது இந்த மூன்றுக்கும்தான்.

நான் தூத்துக்குடிக்காரன், சிவில் பொறியாளன். 1997-இல் தென்னாப்பிரிக்காவுக்கு வந்தேன். நம் குவாசூலு-நேட்டால் மாகாணத்தில் சின்னச் சின்ன நகராட்சிகளுக்குச் சாலை, வடிகால், விளையாட்டுத் திடல் என்று வரைந்து கொடுத்தே காலம் போய்விட்டது. ஸ்கேட் பார்க், பிஎம்எக்ஸ் பாதை என்ற வகையில் நான் கை வைத்தவை நான்கு. இரண்டு இன்றும் ஓடுகின்றன, ஒன்று பாதி உயிரோடு இருக்கிறது, ஒன்று காணாமல் போய்விட்டது. பேச்சுக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே காணாமல் போனது. அந்தக் கதை பின்னால் வரும்.

முதலில் தண்ணீர். கவுன்சிலர் சொன்னது பாதி உண்மை. டர்பன் போன்ற பெருநகராட்சிகளைத் தள்ளிவிட்டுப் பார்த்தால், நம் மாகாணத்தில் பெரும்பாலான இடங்களில் குடிநீர் உள்ளூர் நகராட்சியின் பொறுப்பில் இல்லை, மாவட்ட நகராட்சியின் பொறுப்பு. உங்கள் தென்கரையில் அது உகு மாவட்டம். உங்கள் உள்ளூர் நகராட்சிக்கு வரும் பணத்தில் ஒரு பங்கு எம்.ஐ.ஜி. என்று சொல்லும் நகராட்சிக் கட்டமைப்பு மானியம். அந்த மானியக் கணக்கில் 15 சதவீதம் பொது வசதிகளுக்கான கூறு, அதில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது மொத்தத்தில் 5 சதவீதம், விளையாட்டு வசதிக்கென்று வேலி போட்டு வைக்கப்படுகிறது. அதை எடுத்துக் குழாய் போட முடியாது. நிபந்தனைகள் வருடா வருடம் வருவாய்ப் பங்கீட்டுச் சட்டத்தோடு புதிதாக வருவதால், இந்த வருடத்து வாசகத்தை நூலகத்தில் அச்செடுத்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் கூட்டத்தில் எழுந்து நின்று "அது வேற பானை, இது வேற பானை" என்று வாதாடாதீர்கள். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் டர்பனுக்கு வடக்கே டோங்காட் குடிநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் சிதைந்து, அங்கே மாதக்கணக்கில் ஜனங்கள் லாரித் தண்ணீருக்கு வாளியோடு நின்றார்கள். வாளி தூக்கிய கைக்கு முன்னால் சட்டப் பிரிவைக் காட்டினால் கோபம்தான் வரும், அந்தக் கோபம் நியாயமானது. உங்கள் கடிதத்தின் முதல் வரியே தண்ணீரைப் பற்றி இருக்கட்டும்: "குடிநீர்ப் பணத்தில் ஒரு சென்ட்டும் நாங்கள் கேட்கவில்லை." அதற்குப் பிறகு மானியத்தைச் சொல்லுங்கள்.

அந்த 5 சதவீதத்துக்கு ஏற்கெனவே வரிசை நிற்கிறது. எல்லா வார்டிலும் கால்பந்துத் திடலுக்கு வேலி, உடை மாற்றும் அறை, கழிப்பறை என்று கேட்டுக்கொண்டிருப்பார்கள். கால்பந்தோடு மோதி ஜெயித்த ஸ்கேட் பார்க்கை நான் பார்த்ததில்லை. புதுப்பிக்கப் பட்டியலில் இருக்கும் திடல் ஒன்றைக் கண்டுபிடித்து, அதன் ஒரு மூலையைக் கேளுங்கள். வேலி, கழிப்பறை, குழாய் எல்லாம் அந்தத் திட்டத்திலேயே வந்துவிடும், உங்கள் பங்கு தளம் மட்டும்தான். கால்பந்துக்காரர்கள் எதிரணியாக இல்லாமல் உங்கள் கூட்டாளிகளாகவும் ஆகிவிடுவார்கள்.

அடுத்து மாதம். நகராட்சியின் நிதியாண்டு ஜூலை 1-இல் தொடங்குகிறது. அதற்குப் பத்து மாதம் முன்னால், ஆகஸ்ட் கடைசிக்குள், பட்ஜெட் வேலைக்கான கால அட்டவணை கவுன்சிலுக்கு வந்துவிட வேண்டும் என்பது நகராட்சி நிதிச் சட்டம். வரைவு பட்ஜெட் மார்ச் முடிவில் மேசைக்கு வரும், ஏப்ரலில் ஜனங்களிடம் கருத்துக் கேட்பார்கள், மே முடிவுக்குள் ஒப்புதல். ஐ.டி.பி. எனப்படும் ஐந்தாண்டு ஒருங்கிணைந்த வளர்ச்சித் திட்டத்தின் வருடாந்திர மறுபரிசீலனையும் இதே ஓட்டத்தில்தான் போகிறது. அந்தத் திட்டத்தில் ஒரு வரியாக ஏறாத எதற்கும் பணம் வராது. நம் ஆட்கள் பெரும்பாலும் ஏப்ரல் கருத்துக் கூட்டத்துக்குக் கும்பலாகப் போகிறார்கள். அதற்குள் இலை போட்டுப் பரிமாறி முடித்திருப்பார்கள். போக வேண்டியது செப்டம்பர், அக்டோபரில், வார்டு தேவைப் பட்டியல் எழுதும்போது. வார்டு கமிட்டியில் கவுன்சிலர் தலைவர், அவரைத் தவிர அதிகபட்சம் பத்து உறுப்பினர்கள். அந்தப் பத்துப் பேரில் நான்கு பேரின் வீட்டுத் திண்ணையில் நீங்கள் உட்கார்ந்து பேசியிருந்தால் போதும், 600 கையெழுத்தை விட அது கனம். தேர்தல் முடிந்து வரும் புதுக் கவுன்சில் ஐந்தாண்டுத் திட்டத்தைப் புதிதாக எழுதும், அந்த வருடம் கிடைத்தால் விடாதீர்கள்.

கையெழுத்துக்குப் பதிலாக எண்ணிக்கை கொண்டுபோங்கள். ஒரு ஊரில் நூலகத்தில் வேலை பார்த்த அம்மா ஒருவர் நான்கு சனிக்கிழமை கார் நிறுத்தத்துக்கு எதிரே, பேக்கரி வாசலில் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்தார். பள்ளிப் பிள்ளைகளின் கட்டம் போட்ட கணக்கு நோட்டு. அரை மணிக்கு ஒரு வரி: "3.30, பதினோரு பேர், பெண் பிள்ளை இரண்டு, போர்டு நாலு, சைக்கிள் ஆறு, ஒருவனிடம் எதுவும் இல்லை, செருப்பும் இல்லை." கூட்டத்தில் அதை அவர் சும்மா வாசித்தார், வாதமே செய்யவில்லை. அதுவரை போனைப் பார்த்துக்கொண்டிருந்த கவுன்சிலர் ஒருவர் தலையைத் தூக்கி, "செருப்பு இல்லாத பையன் எந்த வார்டு?" என்று கேட்டார். அந்த அம்மா நோட்டைப் புரட்டி, மேட்டுப் பக்கத்துப் பெயரைச் சொன்னார். கேட்டவருடைய வார்டே அதுதான். அந்த ஊரில் தீர்மானம் அந்த நிமிடத்தில் முடிந்துவிட்டது என்று நான் நினைக்கிறேன், மற்றதெல்லாம் காகிதம்.

அந்தச் சம்பவத்தில் இன்னொன்றும் இருக்கிறது. கோயில், தமிழ் வகுப்பு, கூழ் ஊற்றும் இடம் என்று மட்டும் சுற்றி வாங்கிய கையெழுத்து, பார்ப்பவர் கண்ணுக்கு "இந்தியப் பிள்ளைகளுக்கு ஒரு பார்க்" என்றுதான் தெரியும். இனம் பார்த்துக் குடியிருப்பைப் பிரித்த அந்தக் காலத்து குரூப் ஏரியாஸ் சட்டம் யாருக்கு எங்கே திடல் கொடுத்தது, யாருக்குக் கொடுக்கவில்லை என்பதை இந்த மண்ணில் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கிறது. உங்கள் ஊர்க் கார் நிறுத்தத்தில் சூலுப் பிள்ளைகளும் ஓட்டுகிறார்கள் அல்லவா? அவர்களின் பாட்டிமார் கையெழுத்தும் வேண்டும், கடிதம் அவர்களின் இசிசூலு மொழியிலும் இருக்க வேண்டும், பேசப் போகும் மூன்று பேரில் ஒருவராவது அந்தப் பக்கத்துத் தாயாக இருக்க வேண்டும். இது பணக்காரப் பிள்ளைகளின் விளையாட்டு என்று யாராவது சொன்னால் இசிதும்பாவைச் சொல்லுங்கள். ஆயிரம் குன்றுப் பள்ளத்தாக்கில் உள்ள கிராமம் அது, அங்கே ஸ்கேட் முகாம் தொடங்கி வருடங்கள் ஆகின்றன. அதை ஆரம்பித்த டல்லஸ் ஓபர்ஹோல்சர் டோக்கியோ ஒலிம்பிக்கில் தென்னாப்பிரிக்காவுக்காக ஸ்கேட் செய்தபோது அவருக்கு வயது 46. பிஎம்எக்ஸ் பந்தயம் 2008-லேயே ஒலிம்பிக்குக்குள் வந்துவிட்டது, 2010-இல் உலகப் போட்டியே நம் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் நடந்தது. இதெல்லாம் ஒரு நிமிடம் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுங்கள். பதக்கக் கனவை நீட்டினால், "முதலில் படிக்கட்டும்" என்று ஒரு மாமா எழுந்துவிடுவார்.

இப்போது காணாமல் போன பார்க். உள்நாட்டுப் பக்கம் ஒரு சின்ன ஊர், பெயர் வேண்டாம். நகராட்சி சீக்கிரம் முடிக்கச் சொன்னது. தொழிற்சாலையில் செய்து வரும் இரும்புச் சட்டச் சாய்தளங்களை, பழைய கூடைப்பந்துத் தளத்தின் மேல் போல்ட் போட்டு நிறுத்தினோம். வரைந்தவன் நான்தான், அதனால் பழியில் எனக்கும் பங்கு உண்டு. ரிப்பன் வெட்டினார்கள், எல்லோருக்கும் பிரியாணிப் பொட்டலம். பதினான்கு மாதம் கழித்து வேறு வேலையாக அந்த வழியே போனபோது இறங்கிப் பார்த்தேன். தளம் இருந்தது. வரிசையாகப் போல்ட்டுகளின் அடிக்கட்டை இருந்தது, ஆக்ஸா பிளேடால் அறுத்த பளபளப்பு இன்னும் போகவில்லை. மேலே எதுவும் இல்லை. ஒவ்வொரு துண்டாக எடைக்குப் போய்விட்டது. அங்கே ஒரு ஆட்டுக்குட்டியும் இரண்டு சின்னப் பையன்களும் இருந்தார்கள், பையன்கள் போல்ட் கட்டைகளுக்கு நடுவே டயர் உருட்டிக்கொண்டிருந்தார்கள். கட்டுவதற்கு முன் நடந்த கூட்டத்தில் கடைசி வரிசையிலிருந்து ஒரு வயதான பெண் கேட்டது அப்போதுதான் எனக்கு உறைத்தது: "எல்லாம் சரி, யார் கூட்டிப் பெருக்குவது?" நாங்கள் சிரித்து மழுப்பியிருந்தோம்.

அவர் கேட்டதில் பொறியியலும் இருக்கிறது. ஸ்கேட்போர்டுச் சக்கரம் ஐம்பது மில்லிமீட்டருக்குச் சற்று மேல், எலுமிச்சம்பழ அகலம், கெட்டியான பிளாஸ்டிக். ஒரு பட்டாணி அளவுக் கல் போதும், சக்கரம் நின்றுவிடும், பிள்ளை நிற்க மாட்டான். உங்கள் ஊரில் ஏப்ரலிலிருந்து டிசம்பர் வரை ஆலை ஓடும் காலம், கரும்புத் தோகை எரித்த கரித்துகள் சாயங்காலம் துணிக்கொடியில் வந்து விழும் இல்லையா, அதேதான் தளத்திலும் விழும். பனியில் நனைந்தால் வழுக்கும். ஆகவே தினமும் ஒரு துடைப்பம் வேண்டும். விண்ணப்பத்தோடு கூட்டும் முறைப் பட்டியல் ஒன்றை வையுங்கள்: எந்த நாள் யார், துடைப்பம் எங்கே இருக்கும், சாவி யாரிடம். ஆறு மாதத்துக்கு 26 வாரம், வாரத்துக்கு இரண்டு குடும்பம். பராமரிப்புச் செலவு என்ற பேச்சு வரும்போதுதான் பூங்காத் துறை அதிகாரிகள் பின்வாங்குவார்கள், அவர்களுக்கு அந்த ஒரு தாள் பெரிய ஆறுதல்.

என்ன கேட்பது என்பதில் என் தீர்ப்பு இது. மரப் பலகைச் சாய்தளம் வேண்டாம், இந்தக் கடற்கரை ஈரத்திலும் கரையானிலும் நிற்காது. போல்ட் போட்ட இரும்பு வேண்டாம், காரணம் மேலே. மண் பிஎம்எக்ஸ் பாதை மலிவுதான், ஆனால் நம் கோடை மழையில் மேடுகள் கரையும், ஒவ்வொரு மழைக்கும் பிறகு மண்வெட்டியோடு இறங்கச் சங்கம் இருந்தால்தான் அது வாழும். சங்கம் இல்லாத ஊரில் இரண்டே கோடையில் புல் மூடிவிடும். போர்டும் சைக்கிளும் சேர்ந்து ஓட வேண்டுமானால் வார்ப்புக் கான்கிரீட் தளம் ஒன்று, அதில் தாழ்வான சாய்வுகள் மூன்று நான்கு, ஓரங்களில் கான்கிரீட்டுக்குள்ளேயே நங்கூரமிட்டுப் புதைத்த இரும்புக் குழாய். சைக்கிள் அச்சில் மாட்டும் பெக் வெறும் கான்கிரீட் முனையைச் சில்லுச் சில்லாகப் பெயர்த்துவிடும், அதனால் அந்த இரும்பைச் செலவு என்று குறைக்காதீர்கள். 400 சதுர மீட்டர் தளத்தை 150 மில்லிமீட்டர் கனத்தில் போட்டால் 60 கன மீட்டர் கான்கிரீட், ஆறு கன மீட்டர் கொள்ளும் கலவை லாரியில் பத்து நடை. மண் வேலையும் கம்பியும் சாய்வும் இதற்கு மேல். விலையை நான் சொல்ல மாட்டேன், இடத்துக்கு இடம் மாறும், இணையத்தில் நான் போட்ட எண் ஒன்றைப் பிடித்துக்கொண்டு நாளை கவுன்சிலில் சண்டை வரும். பக்கத்து ஊர் லாரிக்காரரிடம் பத்து நடைக்கு விலை கேளுங்கள், அதிலிருந்து ஊகம் கிடைக்கும். தளத்தைத் தேய்த்து வழவழப்பாக்கும் கொத்தனார்தான் இதில் முக்கியம். அவர் ஏற்கெனவே ஸ்கேட் பார்க் போட்டிருக்கிறாரா என்பதை டெண்டர் நிபந்தனையில் எழுத வையுங்கள். தண்ணீர் வடிய சாய்வு இருக்கிறதா என்று வரைபடத்தில் விரல் வைத்துக் கேளுங்கள், கிண்ணம் மாதிரிப் பள்ளம் வைத்தால் அதற்கு அடியில் வடிகுழாய் இல்லாவிட்டால் கொசு வளர்க்கத் தொட்டி கட்டியதாகும்.

இடம். சும்மா கிடக்கும் நிலமெல்லாம் நகராட்சியுடையது என்று நினைக்காதீர்கள். கரும்பு ஊர்களில் எல்லோரும் பொதுத் திடல் என்று நம்பும் இடம் ஆலைக் கம்பெனியின் பட்டாவில் இருப்பதை நான் இரண்டு முறை பார்த்துவிட்டேன். பள்ளி மைதானம் மாகாணக் கல்வித் துறை சமாச்சாரம், அதில் இறங்கினால் தலை நரைக்கும். சூலு அரசரை அறங்காவலராகக் கொண்ட இங்கோன்யாமா அறக்கட்டளை நிலம் என்றால் பாரம்பரியக் கவுன்சிலின் சம்மதம் வேண்டும், ஊர்த்தலைவரான இன்டூனாவை முதலில் பார்க்காமல் கவுன்சிலரைப் பார்த்தால் அது மரியாதைக் குறைவு. திறந்தவெளி என்று ஏற்கெனவே வகைப்படுத்திய நகராட்சி நிலம் என்றால் பாதி வேலை முடிந்தது. புதர் மறைவில் கொடுக்கிறேன் என்றால் வாங்காதீர்கள். டாக்ஸி நிற்கும் இடம், நூலகம், கிளினிக் என்று ஆள் நடமாட்டத்தின் கண்ணெதிரே இருக்கட்டும், ஆனால் படுக்கையறை ஜன்னல்களை விட்டுத் தள்ளி. விளக்குக் கம்பம் கேட்காதீர்கள் என்பது என் சொந்தக் கருத்து, மற்ற பொறியாளர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். செம்புக் கம்பி திருட்டுப் போகும், இருட்டில் கூட்டம் வேறு மாதிரி மாறும். சூரியன் போனால் பிள்ளைகளும் வீட்டுக்குப் போகட்டும்.

இதுவரை சொன்னவற்றில் பணமும் காலமும் சட்டத்தில் இருப்பவை, தளமும் இடமும் என் அனுபவம். இனி உறுதியாகச் சொல்லக் கூடாதவை. பார்க் வந்தால் பிள்ளைகள் சுகர்ஸ் என்ற போதைப்பொருள் பக்கம் போக மாட்டார்கள் என்று மேடையில் சத்தியம் செய்யாதீர்கள். டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் அந்தப் போதை எத்தனை வீட்டை முடித்தது என்று எல்லோரும் பார்த்தவர்கள், ஒரு கான்கிரீட் தளம் அதைத் தடுக்கும் என்றால் நம்ப மாட்டார்கள். நம்பிவிட்டாலும் ஆபத்து, பார்க்கில் முதல் ஊசி கிடந்த அன்றைக்கு உங்கள் வாக்கு பொய்யாகும். "மாலை நான்கிலிருந்து ஆறு வரை நாற்பது கண் பார்க்கும் இடத்தில் இருப்பார்கள்" என்பது வரை சொல்லுங்கள், அது நிஜம். சுற்றுலா வருமானம் வரும் என்பதும் அப்படித்தான், அதற்கு உங்கள் ஊரில் நான் ஆதாரம் காணவில்லை. அடிபட்டால் நகராட்சி மேல் வழக்கு வருமா என்று கண்டிப்பாகக் கேட்பார்கள். நான் வழக்கறிஞன் இல்லை. "சொந்தப் பொறுப்பில் விளையாடவும்" என்ற பலகை மட்டும் நகராட்சியைக் காப்பாற்றும் என்று யாரிடமும் சொல்லிவிடாதீர்கள், உடைந்த முனையைச் சரிசெய்யாமல் விட்டால் கவனக்குறைவு கவனக்குறைவுதான். அவர்களின் காப்பீட்டுப் பிரிவு அதிகாரியைக் கூட்டத்துக்கு வரச் சொல்லுங்கள், அவர் வாயால் பதில் வரட்டும். கை முறியும், முழங்கை சிராயும், அதை மறைக்க வேண்டாம். கால்பந்திலும் முறிகிறது.

வயதானவர்களிடம் பேச ஒரு வழி இருக்கிறது, நான் இரண்டு இடத்தில் பயன்படுத்தியிருக்கிறேன். நேட்டாலில் நம் பிள்ளைகள் படித்த பள்ளிகளில் எத்தனையோ, கரும்புக் கூலிக்காரர்களின் பிள்ளைகள் சில்லறை சேர்த்துக் கட்டியவை. ஜனங்கள் ஒரு பவுண்டு போட்டால் அரசு ஒரு பவுண்டு போடும் என்ற கணக்கு அப்போது இருந்தது. உங்கள் ஊர்த் தாத்தாக்களுக்கு எந்தச் சுவருக்கு யார் செங்கல் சுமந்தார்கள் என்று இன்னும் தெரியும். அதைக் கேளுங்கள், அவர்களே சொல்லட்டும். ஸ்கேட்போர்டு புரியாதவருக்கும் "நாம பாதி, அரசு பாதி" புரியும். உங்கள் பாதி பணமாக இருக்க வேண்டியதில்லை: நில அளவை வரைபடம், இரண்டு நிழல் மரம், கூட்டும் பட்டியல், திறப்பு விழாச் சாப்பாடு. ஒரு எச்சரிக்கை, கான்டிராக்டர் யாரும் இலவசமாக வரைபடம் போட்டுத் தருகிறேன் என்றால் வாங்காதீர்கள், பிறகு டெண்டரில் சிக்கலாகும். வேலை ஆரம்பிக்கும் நாள் "ஒப்பந்தத்தில் எங்களுக்கு 30 சதவீதம்" என்று பக்கி எனும் சின்னச் சரக்கு வண்டியில் வந்து இறங்குகிறவர்களைப் பற்றியும் முன்பே யோசியுங்கள். 2017 விதிகளில் இருந்த அந்த 30 சதவீதம் மூன்று கோடி ராண்டுக்கு மேற்பட்ட ஒப்பந்தங்களுக்கு, அதுவும் கான்டிராக்டர் துணை ஒப்பந்தமாகக் கொடுப்பது பற்றியது. அந்த விதிகளும் 2023 ஜனவரியோடு போய்விட்டன. ஆனால் சட்டம் பேசினால் அவர்கள் போக மாட்டார்கள். உள்ளூர்ப் பையன்கள் எட்டுப் பேருக்குக் கூலி வேலை என்று முதல் நாளே எழுத்தில் இருந்தால் சத்தம் குறைகிறது.

எல்லாம் சரியாக நடந்தால்கூட இரண்டரை, மூன்று வருடம். உங்கள் மகனுக்குப் 16 ஆகியிருக்கும், அவனுக்கு அதற்குள் வேறு பைத்தியம் பிடித்திருக்கலாம். ஆகவே இப்போதைக்கு ஒன்று. உங்கள் மாதிரி ஊர்களில் யாரும் ஆடாத பழைய டென்னிஸ் தளம் ஒன்று பூட்டிக் கிடக்கும், வலை கிழிந்து, விரிசலில் புல் முளைத்து. சனிக்கிழமை மூன்று மணி நேரம் திறந்துவிடச் சொல்லி ஒரு பக்கக் கடிதம் போதும், அதற்குப் பட்ஜெட் தேவையில்லை. புல்லைப் பிடுங்கி, விரிசலைச் சிமெண்டால் பூசி, பையன்கள் செய்த இரண்டு மேடைப் பெட்டிகளை வைத்துச் சாயங்காலம் திரும்ப எடுத்துப் போய்விடலாம். கணக்கு நோட்டும் அங்கேயே எழுதலாம், துடைப்பப் பட்டியல் நிஜமாக ஓடுகிறதா என்பதும் அங்கேயே தெரிந்துவிடும். அந்தப் பூட்டின் சாவி யாரிடம் இருக்கிறது என்று இந்த வாரம் கண்டுபிடியுங்கள். நகராட்சி அலுவலகத்தில் கேட்டால் தெரியாது என்பார்கள், நூலகத்தில் கூட்டிப் பெருக்கும் அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள்.